கசடு லோரியில் வருகிறது: எந்தப் பயிருக்குப் போடலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி இதுதான். பினாங்கில் சிம்பாங் அம்பாட் பக்கம் இரண்டு ஏக்கர் நிலம். பாதியில் செம்பனையும் வாழையும், மீதியில் பாயாம், கங்கோங் கீரைகள், கத்திரி, வெண்டை. கழிவுநீர் நிலையத்துக் கசட்டை ஒரு மாதம் வெயிலில் காயவைத்து உரமாகத் தருகிறேன், லோரிக்கு 150 வெள்ளி என்று ஒருவர் வந்து நிற்கிறார். வெயிலில் கிருமியெல்லாம் செத்துவிடும் என்கிறார். கீரைக்குப் போடலாமா? மிஞ்சினால் வீட்டுப் பூச்சட்டிக்கு ஆகுமா?

நேராகச் சொல்லிவிடுகிறேன். கீரைக்கு வேண்டவே வேண்டாம். செம்பனைக்கும் வாழைக்கும் கசட்டு உரம் நல்லதுதான், ஆனால் அந்த ஆள் கொண்டுவருவது அல்ல. அவர் சொல்வதில் ஒரு பாதி தப்பு, மறுபாதியை அவர் பேசவே இல்லை. கிருமியைக் கொல்ல முடியும். அதற்குச் சூடும் காலமும் வேண்டும், ஒரு மாத வெயில் போதாது. உலோகத்தை எந்த வெயிலாலும் எந்த மெஷினாலும் கொல்ல முடியாது. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் உங்கள் நிலத்துக்கு என்ன செய்யலாம் என்பது தெளிவாகிவிடும்.

கசடு எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது. பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கும் பெரிய நிலையமானாலும் சரி, கோலாலம்பூரில் பூங்காவுக்கு அடியில் கட்டியிருக்கும் பந்தாய் 2 நிலையமானாலும் சரி, தண்ணீரைச் சுத்தம் செய்வது பாக்டீரியாதான். காற்று ஊத ஊத அவை கழிவைத் தின்று பெருகும். பெருகியதில் ஒரு பங்கைத் தினமும் வெளியே எடுக்க வேண்டும். எடுக்கும்போது அது 99 சதவீதம் தண்ணீர். அதைக் கெட்டியாக்கி, பெரிய நிலையங்களில் காற்றில்லாத டைஜஸ்டர் தொட்டிக்குள் ஏறக்குறைய 35 டிகிரியில் இருபது நாள் அளவுக்கு வைப்பார்கள். உள்ளே இன்னொரு வகைக் கிருமிகள் அதைத் தின்று மீத்தேன் வாயுவாக மாற்றும். குளிர் நாடுகளில் அந்த வாயுவில் ஒரு நல்ல பங்கு தொட்டியைச் சூடாக்கவே போய்விடும். நம் ஊரில் வெயிலே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. கடைசியில் பாலிமர் கலந்து, பெல்ட் பிரஸ்ஸிலோ சென்ட்ரிஃபியூஜிலோ பிழிந்தால் வருவதைக் கேக் என்போம். பெயர் கேக் என்றாலும் அதில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் தண்ணீர்தான்.

நல்லபடியாக டைஜஸ்டரில் இருந்து வந்த கேக்கைக் கையுறையோடு எடுத்துப் பிட்டால் கறுப்பாக, கொழகொழப்பில்லாமல் பிரியும். தார் மாதிரி லேசான வாசம்தான் இருக்கும். சாம்பல் நிறமாக, புளித்த வாடையோடு, மூடிவைத்த இரண்டே நாளில் ஈ மொய்த்தால் அது சரியாகச் செரிக்காத கசடு. மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் கிளறிப் பாருங்கள். முடி, காது குடையும் பஞ்சுக்குச்சி, பிளாஸ்டிக் துணுக்கு எல்லாம் கிடைக்கும். அதெல்லாம் நிலத்தில் அப்படியே கிடக்கும், மக்கவே மக்காது.

இப்போது கிருமி. சால்மொனெல்லா, ஈ. கோலி, வைரஸ் எல்லாம் பயப்பட வேண்டியவைதான். ஆனால் நம் தட்பவெப்பத்தில் என்னைக் கவலைப்படுத்துவது உருளைப்புழு முட்டை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த புழு மருந்து ஞாபகம் இருக்கும். ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடும். தடித்த ஓடு கொண்ட முட்டை அது. டைஜஸ்டரின் 35 டிகிரியில் சாகாது, சாதாரணச் சுண்ணாம்பிலும் சாகாது, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறி நின்றால்தான் அதன் கதை முடியும்.

வெயிலில் காயவைத்தேன் என்பதை இந்த இடத்தில்தான் உரசிப் பார்க்க வேண்டும். காயும் மேடையில் மேல்புறம் ஓடு மாதிரி வெடித்துக் காய்ந்திருக்கும். ஒரு சாண் கீழே கையை விட்டால் சதசதவென்று இருக்கும். பினாங்கில் மழை இல்லாத மாதம் எது சொல்லுங்கள்? கூரை போடாத மேடை என்றால் மத்தியானம் காய்ந்தது சாயங்காலம் நனையும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 503 விதி 1993-இல் வந்தது. உலகெங்கும் கசட்டுக்காரர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் அதுதான். அதில் வெறும் காற்றில் காயவைப்பதற்குக் குறைந்தது மூன்று மாதம் கேட்கிறார்கள். அந்த மூன்று மாதத்துக்குப் பிறகும் கிடைப்பது பி வகுப்புத்தான், அதாவது கிருமி குறைந்த கசடு, கிருமி ஒழிந்த கசடு அல்ல. உலக சுகாதார அமைப்பின் 2006 வழிகாட்டி இன்னும் கறார்: நம்மைப் போன்ற 20 டிகிரிக்கு மேற்பட்ட ஊர்களில் சும்மா சேர்த்துவைப்பது மட்டுமே வழி என்றால் ஓராண்டுக்கு மேல் வை என்கிறது. ஆக ஒரு மாதம் என்பது எந்தக் கணக்கிலும் சேராது.

இதைச் சோதிக்க லேப் கூடப் போக வேண்டாம், ஒரு வழி இருக்கிறது. மனுஷன் வயிற்றில் தக்காளி விதை செரிக்காது. கழிவுநீரோடு வந்து, டைஜஸ்டரைத் தாண்டி, காயும் மேடையில் முளைத்துவிடும். மேடைகளில் தானாக முளைத்த தக்காளிச் செடியைப் பார்க்காத கழிவுநீர் ஊழியர் இருக்கமாட்டார். ஆகவே ஒரு வாளி கசட்டை வாங்கி, நனைத்து, இரண்டு வாரம் வெளிச்சத்தில் வையுங்கள். தக்காளி முளைத்தால் அந்தக் கசட்டுக்குப் போதிய சூடு ஏறவே இல்லை என்று அர்த்தம். முளைக்காவிட்டால் பாதுகாப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். விதையே இல்லாமலும் இருந்திருக்கலாம்.

சரி, எது போதும்? ஏ வகுப்பு என்று சொல்லப்படும் கசட்டில், உலர்ந்த ஒரு கிராமுக்கு மலக் கோலிஃபார்ம் (மலத்திலிருந்து வரும் பாக்டீரியா) 1000-க்குக் குறைவாக, அல்லது 4 கிராமுக்குச் சால்மொனெல்லா 3-க்குக் குறைவாக இருக்க வேண்டும். எண்ணிக்கை மட்டும் போதாது, அதற்கு முன்னால் சூடோ அதற்கு ஈடான வேறு வழியோ நிரூபிக்கப்பட வேண்டும். பி வகுப்புக்கு அனுமதி கிராமுக்கு 20 லட்சம் வரை! இரண்டுக்கும் இடையே இரண்டாயிரம் மடங்கு வித்தியாசம். விற்பவர் சுத்திகரித்தது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்; எந்த வகுப்பு என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஏ வகுப்புக்குப் போகப் பல வழிகள் உண்டு. 70 டிகிரியில் அரை மணி நேரம் வைப்பது ஒன்று. நார்வேயில் தொடங்கிய வெப்ப நீராற்பகுப்பு முறையில் கசட்டைப் பிரஷர் குக்கர் போன்ற கலத்துக்குள் சுமார் 165 டிகிரியில் அரை மணி அளவுக்கு வேகவைத்து, அப்புறம் டைஜஸ்டருக்கு அனுப்புகிறார்கள். வாஷிங்டன் நகரத்தின் கசடு அப்படித்தான் தோட்ட உரமாகப் போகிறது. இதெல்லாம் பெரிய முதலீடு. நமக்குத் தோதானது கம்போஸ்டு. கேக்கில் நைட்ரஜன் அதிகம், காற்றோட்டம் கிடையாது. அதனால் மரத்தூள், சீவிய கிளை, நறுக்கிய செம்பனை வெறுங்குலை (பழம் உதிர்த்தபின் மிஞ்சும் குலை) இப்படி ஏதாவது நார்ப்பொருளைக் கலந்து, பிழிந்தால் இரண்டு சொட்டு வரும் அளவு ஈரத்தில் நீளமான குவியலாகப் போட வேண்டும். இரண்டு மூன்று நாளில் உள்ளே சூடு ஏறும். ஒரு மீட்டர் நீளக் கம்பித் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தால் 60, 65 காட்டும். காலையில் திருப்பிப் போடும்போது ஆவி பறக்கும். உடைத்த இடத்தில் சாம்பல் தூவியது போல வெள்ளைப் பூசணம் தெரியும், அது நல்ல அறிகுறி. ஆனால் குவியலின் மேல்தோல் சூடாகாது. அதனால்தான் திறந்த குவியலுக்கு விதி 15 நாள் 55 டிகிரி, அதற்குள் ஐந்து முறை திருப்பிப் போட வேண்டும் என்கிறது. வெளியே கிடந்தது ஒவ்வொரு முறையும் உள்ளே போக வேண்டும். கூரை கட்டாயம். நம் ஊர் மழையில் நனைந்த குவியல் சூடும் ஆகாது, நாற்றமும் போகாது.

சுண்ணாம்பு போட்டுக் கொல்கிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். கார அளவை, அதாவது பிஎச்சை, 12-க்கு ஏற்றி இரண்டு மணி, அப்புறம் 11.5-க்குக் கீழே இறங்காமல் இன்னும் 22 மணி வைப்பது வழக்கமான முறை. பாக்டீரியா சாகும், நாற்றம் அடங்கும், புழு முட்டை தப்பித்துவிடும். நைட்ரஜனில் ஒரு பங்கு அமோனியாவாகப் பறந்துவிடும், கண் எரியும். ஆனாலும் நம் அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு சேர்ந்த கசடு ஒருவகையில் வரம்தான். அதற்குக் கீழே வருகிறேன்.

இனி விற்பவர் வாயே திறக்காத விஷயம்: உலோகம். காட்மியம், ஈயம், பாதரசம், நிக்கல், துத்தநாகம், செம்பு. தண்ணீரைச் சுத்தம் செய்யும்போது இவை கசட்டில்தான் ஒட்டிக்கொள்ளும். டைஜஸ்டரில் கரிமப்பொருள் வாயுவாகக் குறையக் குறைய, மிஞ்சியதில் உலோகத்தின் செறிவு இன்னும் கூடும். கம்போஸ்டு போட்டாலும் அப்படியே. உலோகத்தைக் கட்டுப்படுத்த ஒரே இடம் சாக்கடைக்குள் வரும் வாய்தான்.

இந்த விஷயத்தில் மலேசியாவுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். நாட்டின் கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டரின் குழாய்களில் வருவது பெரும்பாலும் வீடு, கடை, அலுவலகக் கழிவு. தொழிற்சாலை தன் கழிவுநீரைத் தானே சுத்திகரிக்க வேண்டும். அதற்கு 2009-இல் தனி விதிமுறையே வந்தது. பாயான் லெப்பாஸில் முலாம் பூசும் தொழிற்சாலையின் கசடு எஸ்டபிள்யூ 204 என்ற குறியீட்டில் அட்டவணைக் கழிவாக, அதாவது ஆபத்தான கழிவாகப் பதிவாகி, உரிமம் பெற்ற இடத்துக்கே போக வேண்டும். ஆகவே வீட்டுக் கசட்டில் காட்மியம் அதிகம் இருக்கக் காரணம் இல்லை. துத்தநாகமும் செம்பும்தான் கூடுதலாக இருக்கும், தகரம், குழாய், பொடுகு ஷாம்பு வழியாக.

ஆனால் இதில் ஒரு பொறி. லோரியில் வருவது வீட்டுக் கசடுதான் என்று யார் சொன்னது? தொழிற்சாலைக் கசட்டை முறையாக ஒப்படைக்கச் செலவாகும். ஆகவே அதை யாராவது உரம் என்று சொல்லித் தள்ளிவிடப் பார்ப்பது நடக்கக்கூடிய காரியம். வீட்டுக் கசடு காய்ந்தால் கறுப்பு, அடர்பழுப்பு. பச்சை நிறம் அல்லது நீலப்பச்சை தட்டினால், களிமண் மாதிரி மழமழவென்று வாடையே இல்லாமல் இருந்தால், லோரியைத் திருப்பி அனுப்புங்கள். செம்பு, நிக்கல், குரோமியக் கசடு அப்படித்தான் இருக்கும். அதேபோல் செப்டிக் டேங்க் உறிஞ்சிய லோரி நேராகத் தோட்டத்தில் கொட்டுகிறேன் என்று வந்தால், அது சுத்திகரிக்காத பச்சைக் கழிவு. அதை அள்ளவே உரிமம் வேண்டும், கொட்டுவதற்கு நீங்கள் இடம் கொடுத்தால் மாட்டுவது நீங்களும்தான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பத்து டன் லோரி, 20 சதவீதம் உலர்பொருள் என்றால் உள்ளே இருப்பது இரண்டு டன் உலர்ந்த கசடு. காட்மியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று வைத்தால் லோரிக்கு 6 கிராம். உங்கள் இரண்டு ஏக்கரின் மேல்மண், 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, ஏறக்குறைய 1600 டன். வருஷம் ஒரு லோரி, பத்து வருஷம் போட்டாலும் மண்ணில் கூடுவது கிலோவுக்கு 0.04 மில்லிகிராம்கூட இல்லை. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதே கசட்டில் அமெரிக்க விதி நல்ல தரம் என்று ஏற்கும் 39 மில்லிகிராம் இருந்தால்? பத்து வருஷத்தில் மண்ணில் 0.5 ஏறிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1986 உத்தரவு மண்ணுக்கு வைத்த வரம்பு 1 முதல் 3. அதில் கீழ் எல்லைக்குப் பாதி தூரம் பத்தே வருஷத்தில். அமெரிக்க எல்லை என் கண்ணுக்குத் தாராளமாகத்தான் படுகிறது. அதனால் ஆய்வக ரிப்போர்ட்டில் பாஸ் என்று எழுதியிருப்பதை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்.

ஐரோப்பிய வரம்பு இன்னொன்றையும் சொல்லாமல் சொல்கிறது. அது 6-க்கும் 7-க்கும் இடைப்பட்ட பிஎச் உள்ள மண்ணுக்கு. பிரிட்டனில் பிஎச் 5-க்குக் கீழே உள்ள நிலத்தில் கசடு போடவே கூடாது. நம் உள்நாட்டுச் செம்மண் சுண்ணாம்பு காணாமல் கிடந்தால் 4-லிருந்து 5-க்குள் இருப்பது சாதாரணம். அந்த அமிலத்தில் காட்மியமும் துத்தநாகமும் மண்ணைவிட்டு இளகி வேருக்குள் போகும். அதை முதலில் இழுத்துச் சேர்ப்பது இலைக்காய்கறி. நம் பாயாம் போன்ற கீரைகள் காட்மியத்தை நன்றாக ஏற்றிக்கொள்பவை. வாழைப்பழத்துக்கும் செம்பனைக் குலைக்கும் வந்து சேர்வது அதைவிட மிகக் குறைவு. கீரைக்கு வேண்டாம் என்று எடுத்த எடுப்பில் சொன்னதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, கீரை தரையைத் தொட்டு வளர்ந்து, முப்பது நாளில் அறுத்து, சிலசமயம் அரைகுறையாக வதக்கிச் சாப்பிடுவது. பி வகுப்புக் கசடு போட்ட நிலத்தில், மண்ணைத் தொடும் காய்கறியை 14 மாதத்துக்கு அறுக்கக்கூடாது என்பது 503 விதி. மரவள்ளி, முள்ளங்கி போன்ற கிழங்குக்கு, கசட்டை உடனே மண்ணோடு உழுதுவிட்டால் 38 மாதம். வருஷம் பத்துத் தடவை கீரை அறுக்கும் உங்களுக்கு இது கட்டுப்படியாகாது.

எனவே செம்பனை, வாழைப் பக்கம் வருவோம். முதலில் மண் சோதனை. பிஎச் 5.5-க்குக் கீழே இருந்தால் கடையில் ஜி.எம்.எல். என்று கேட்டால் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் பொடியைப் போட்டு ஏற்றுங்கள், அப்புறம்தான் கசடு. நான் மேலே சுண்ணாம்புக் கசடு வரம் என்றது இதற்குத்தான், ஒரே லோரியில் இரண்டு வேலை. சத்து என்று பார்த்தால் அந்த ஒரு லோரியில் நைட்ரஜன் 80 கிலோ அளவுக்கு இருக்கலாம், யூரியாக் கணக்கில் மூன்றரை மூட்டை. ஆனால் முதல் வருஷம் செடிக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு, மீதி மெதுவாக. பாஸ்பரஸ் தாராளமாக இருக்கும். இறக்குமதிப் பாறையை நம்பி இருக்கும் நாட்டில் அதுதான் இந்தக் கசட்டின் உண்மையான மதிப்பு. ஜெர்மனி பெரிய நிலையங்கள் 2029 முதல் கசட்டிலிருந்து பாஸ்பரஸை மீட்டே ஆக வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறது. பொட்டாசியம் மட்டும் கிட்டத்தட்ட இல்லை, அது தண்ணீரோடு கரைந்து போய்விடும். வாழையும் செம்பனையும் பொட்டாஷ் தின்னிகள். கசடு போட்டாச்சே என்று பொட்டாஷை நிறுத்தினால் இலை ஓரம் மஞ்சளாகிக் குலை சிறுத்துவிடும். வெறுங்குலையோ பொட்டாஷ் உரமோ சேர்த்தே ஆக வேண்டும்.

போடும் இடம் மரத்தின் வட்டத்துக்கு வெளியே, வரிசைகளுக்கு நடுவே. பாரிட் (வடிகால்) ஓரமாகக் கொட்டாதீர்கள், ஒரு கனமழை போதும் எல்லாம் ஆற்றில். கிணறு இருந்தால் நன்றாகத் தள்ளி. போடும் நாளில் ரப்பர் பூட்ஸ், கையுறை. செருப்பில்லாமல் நடக்கும் பழக்கம் இருந்தால் அதைக் கட்டாயம் விடுங்கள், கொக்கிப்புழு காலைத் துளைத்துத்தான் உள்ளே போகும். ஆடு மாடு கட்டினால் ஒரு மாதமாவது அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அழியாத ரசாயனமான பிஃபாஸ் பற்றியும் யாராவது பயமுறுத்துவார்கள். பயம் வெறும் புரளியல்ல. அமெரிக்காவில் மெய்ன் மாநிலம், பால் பண்ணை நிலங்களில் அது ஏறியதைப் பார்த்து, 2022-இல் கசட்டை நிலத்தில் போடுவதையே தடை செய்தது. சுவிட்சர்லாந்து வேறு காரணங்களுக்காக அதற்கு முன்பே நிறுத்திவிட்டது. வீட்டுக் கழிவிலும் அது கொஞ்சம் இருக்கும், சூட்டில் போகாது. உங்கள் அளவில் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஒரே இடத்தில் வருஷா வருஷம் போடாமல் மாற்றிப் போடுவது, கீரை, காய்கறியைவிட மரப்பயிருக்கே கொடுப்பது.

காய்கறியைச் சூப்பர்மார்க்கெட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் இன்னொரு சிக்கல். நல்ல வேளாண் முறைக்கான குளோபல்கேப் சான்றிதழ் உள்ள பண்ணையில் மனிதக் கழிவுக் கசடு அறவே கூடாது, சுத்திகரித்தது என்றாலும். இயற்கை வேளாண்மைச் சான்றிதழுக்கும் அப்படித்தான். பசாரில் உங்களிடம் வாங்கும் மலாய்க்கார அக்காக்களும் எந்த உரம் என்று கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதையும் மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

அந்த ஆளிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: எந்த நிலையத்துக் கசடு, எந்த முறையில் எத்தனை டிகிரியில் எத்தனை நாள், அந்த வெப்பப் பதிவு எங்கே, சாம் (மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தின் ரிப்போர்ட் எங்கே. ரிப்போர்ட்டில் மலக் கோலிஃபார்ம், சால்மொனெல்லா, புழு முட்டை, மேலே சொன்ன உலோகங்கள், நைட்ரஜன் பாஸ்பரஸ் பொட்டாசியம், ஈரப்பதம் எல்லாம் இருக்க வேண்டும். போன வருஷத்து ரிப்போர்ட்டைக் காட்டினால் ஏற்காதீர்கள். காகிதம் எதுவும் இல்லை என்றால் 150 வெள்ளி அல்ல, அவர் உங்களுக்குக் காசு கொடுத்தாலும் வேண்டாம். அந்தப் பணத்துக்குக் கோழி எரு வாங்கி மக்கவைத்துப் போட்டால் கீரைக்கும் ஆகும்.

பூச்சட்டி விஷயம். சூடேற்றிக் கம்போஸ்டு ஆன ஏ வகுப்பு கிடைத்தால், மண்ணோடு மூன்றுக்கு ஒன்று கலந்து காகிதப்பூ, செம்பருத்திக்குப் போடலாம். கலக்கும்போது தூசி பறக்காமல் லேசாக நனைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் கைவைக்கும் உயரத்தில் சட்டியை வைக்காதீர்கள். கறிவேப்பிலையையும் துளசியையும் மட்டும் பூச்செடிக் கணக்கில் சேர்க்காதீர்கள், இரண்டும் வாய்க்குப் போகிறவை.